கீரை டப்பாவைக் கையில் கொடுத்தது யார்?



"கீரையை மிச்சம் வைக்காமச் சாப்பிடு. அப்பத்தான் பாப்பாய் மாதிரி பலம் வரும்." இப்படி ஒரு தடவையாவது சொல்லாத பெற்றோர் நம்மில் எத்தனை பேர் இருப்போம்?

கார்ட்டூன் நெட்வொர்க் சேனல் இந்தியாவுக்கு வந்தது 1995-ல். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள்தான், இன்றைக்கு முருங்கைக்கீரையைச் சோற்றில் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயில் புகைக்குழாயும், முழங்கைக்குக் கீழே மட்டும் புடைத்து நிற்கிற கைகளுமாக வருவானே அந்த மாலுமி, அவன் முகம் அவர்களுக்கு மறந்திருக்காது.

அவனைப் பற்றி இந்த இதழில் பேச ஒரு காரணம் இருக்கிறது. 1929-ல் வெளிவந்த முதல் பாப்பாய் படக்கதைகளுக்கு அமெரிக்காவில் இருந்த காப்புரிமை 95 ஆண்டுகள் ஓடி முடிந்து, 2025 ஜனவரி 1 முதல் அவை பொதுச்சொத்தாகிவிட்டன. அந்த முதல் பாப்பாயை இனி அங்கே யார் வேண்டுமானாலும் வரையலாம், படம் எடுக்கலாம். அவனை வைத்துப் பேய்ப்படங்களே எடுத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அவனை முதலில் வரைந்தது யார்?

எல்ஸி கிரைஸ்லர் சீகர். 1894 டிசம்பரில், இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் செஸ்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பார், கிடைக்கிற சில்லறை வேலைகளையும் செய்வார். சீகருக்கு வாலிப வயதில் உள்ளூர் அரங்கத்தில் வேலை. அங்கே படம் ஓட்டுவார். அது பேசாப்பட காலம் என்பதால் படத்துக்கேற்ப டிரம்ஸும் வாசிப்பார்.

படம் வரையக் கற்றுக்கொள்ள ஆசை. கல்லூரிக்குப் போக வழியில்லை. 20 டாலர் கட்டி ஒரு தபால்வழிப் பயிற்சியில் சேர்ந்தார். அரங்க வேலை முடிந்து வீடு வந்து, நள்ளிரவில் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விடியற்காலை மூன்று மணி வரை வரைந்து பழகினாராம். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு ராத்திரியில் டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் படித்த அண்ணன்களும், தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அஞ்சல்வழிப் பாடப் புத்தகத்தைப் பிரித்த அக்காக்களும் நம் வீடுகளிலும் உண்டல்லவா? சீகரும் அந்த ஜாதிதான்.

அங்கிருந்து சிகாகோ, பிறகு நியூயார்க். 1919 டிசம்பர் 19-ம் தேதி நியூயார்க் ஜர்னல் பத்திரிகையில் 'திம்பிள் தியேட்டர்' என்ற அவருடைய படக்கதைத் தொடர் ஆரம்பமானது. ஒல்லிக்குச்சி ஆலிவ் ஆயில், அவள் அண்ணன் கேஸ்டர் ஆயில், அவளுக்குப் பிடித்தமான ஹேம் கிரேவி. இந்த மூவரையும் வைத்து ஒன்பது வருஷம் தொடர் ஓடியது.

ஆமாம், பாப்பாய் இல்லாமல்தான்! ஆலிவுக்கு ஜோடி என்றால் நாமெல்லாம் பாப்பாய் என்றுதானே நினைத்திருக்கிறோம்? அன்றைய வாசகர்களைக் கேட்டால் ஹேம் கிரேவி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1929 ஜனவரியில் சீகர் ஒரு புதுக் கதையை நகர்த்திக்கொண்டிருந்தார். கேஸ்டர் கையில் பெர்னிஸ் என்ற ஒரு விசித்திரக் கோழி இருக்கிறது. அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் அடிக்கும். கோழியைத் தூக்கிக்கொண்டு ஒரு தீவுக்குப் போய்ச் சூதாட்டத்தில் அள்ளிவிடலாம் என்பது திட்டம். தீவுக்குப் போகக் கப்பல் வாங்கியாயிற்று, ஓட்ட ஆள் வேண்டும். ஜனவரி 17-ம் தேதி வந்த பகுதியில், துறைமுகத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவனிடம் போய் நீ மாலுமியா என்று கேட்கிறான் கேஸ்டர். இதைப் போய்க் கேட்க வேண்டுமா என்கிற மாதிரி வெடுக்கென்று பதில் சொல்கிறான் அவன். பாப்பாய் கதைக்குள் வந்தது அவ்வளவு சாதாரணமாகத்தான். கப்பல் ஓட்ட வந்த கூலி ஆள்.

அந்தக் கதையில் அவன்மேல் குண்டு பாய்கிறது. சாக வேண்டியவன் எப்படிப் பிழைக்கிறான் தெரியுமா? அந்தக் கோழியின் தலையைத் தடவித் தடவி! கீரை என்ற பேச்சே அங்கே கிடையாது.

கதை முடிந்ததும் சீகர் அவனை அனுப்பிவிட்டார். வந்த வேலை முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் வாசகர்கள் விடவில்லை. அந்த மாலுமி எங்கே, அவனைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று பத்திரிகைக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. சில வாரங்களில் சீகர் அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வந்தவன் அப்புறம் போகவே இல்லை. ஹேம் கிரேவிதான் போனார். கொஞ்ச நாளில் தொடரின் பெயரோடு பாப்பாய் பெயரும் சேர்ந்துகொண்டது.

ஒரு பத்திரிகை ஆசிரியராக, இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைக்கிற இடம் இதுதான். சாப்பிட்டு முடித்து, தபால் அட்டையை எடுத்து இரண்டு வரி எழுதிப் போட்ட சாதாரணக் குடும்பத்து மனிதர்கள், கதையை விட்டுப் போன ஒருவனைத் திரும்பக் கூட்டிவந்து கதாநாயகனாக்கிவிட்டார்கள்.

அதே 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பெரும் மந்தம் என்று இன்றும் பேசுகிறார்களே, அந்தக் காலம். வேலை போனது, வங்கிகள் மூடின, நகரங்களில் இலவச சூப் வாங்க வரிசை நின்றது. அந்த நாளில் பேப்பரைப் பிரிப்பவர்களுக்கு, இலக்கணமில்லாமல் பேசுகிற, கையில் காசு வந்தால் இல்லாதவனுக்குக் கொடுத்துவிடுகிற, அநியாயத்தைக் கண்டால் முஷ்டியை மடக்குகிற ஒரு மாலுமி எவ்வளவு ஆறுதலாக இருந்திருப்பான்! அவன் பணக்காரன் இல்லை, அழகன் இல்லை, வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவனும் இல்லை. சூப்பர்மேன் வந்ததே 1938-ல்தான்.

அதே தொடரில் விம்பி என்று ஒரு குண்டு ஆசாமி வருவார். கோட்டும் தொப்பியுமாகப் பெரிய மனுஷத் தோரணை, ஆனால் பையில் காசிருக்காது. ஹாம்பர்கரைக் கொடுங்கள், பணத்தைச் செவ்வாய்க்கிழமை தந்துவிடுகிறேன் என்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை வராது. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கணக்கு எழுதி வாங்கிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு விம்பியின் பசி புரியும். பின்னாளில் அவர் பெயரிலேயே ஹாம்பர்கர் கடைகள் வந்து, பிரிட்டனில் ஊருக்கு ஊர் பரவியது தனிக்கதை.

இன்னொரு காட்சி. 1933-ல் பாப்பாய்க்கு ஒரு பார்சல் வருகிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கைக்குழந்தை! அடிதடியைத் தவிர வேறெதுவும் தெரியாதவன் என்று நாம் நினைக்கிற அந்த ஆள், குழந்தையை எடுத்து வளர்க்கிறான். ஸ்வீ பீ என்ற அந்தக் குழந்தைதான் நீளச் சட்டையில் தவழ்ந்துகொண்டு கார்ட்டூன்களில் வரும். 1933-ல் ஓர் ஆண்பிள்ளை தனியாளாகக் கைக்குழந்தை வளர்ப்பதைப் பேப்பரில் போட்டிருக்கிறார் சீகர். முரட்டு உருவத்துக்குள் இப்படி ஒரு மனசை வைக்க அவருக்கு எங்கிருந்து தோன்றியது?

செஸ்டர் ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் ஃபிராங்க் ஃபீகல் என்று ஒருவர் இருந்தாராம். வாயில் எப்போதும் புகைக்குழாய், சண்டைக்கு அஞ்சாதவர், குழந்தைகளிடம் மட்டும் அன்பானவர். பாப்பாய்க்கு அவர்தான் மாதிரி என்கிறார்கள். சீகர் வேலை பார்த்த அரங்கத்தின் முதலாளிதான் விம்பியாம். உயரமும் ஒல்லியுமாகக் கொண்டை போட்டிருந்த ஒரு கடைக்கார அம்மாதான் ஆலிவாம். இன்றைக்கு செஸ்டரில் பாப்பாய்க்கு 1977-ல் வைத்த வெண்கலச் சிலை ஆற்றைப் பார்த்து நிற்கிறது. ஒவ்வொரு வருஷமும் அவன் பெயரில் திருவிழாவும் நடக்கிறது.

அப்படியானால் கீரை எப்போது வந்தது?

1930-களின் தொடக்கத்தில் சீகர் அதை எப்போதாவது ஒருமுறை வரைவார். கீரை தின்பதால் பலம் என்று பாப்பாய் பெருமை பேசுவான், அடுத்த பல வாரங்களுக்கு அந்தப் பேச்சிருக்காது. அதை வழக்கமாக்கியது சினிமாதான். மேக்ஸ் ஃப்ளெய்ஷர், டேவ் ஃப்ளெய்ஷர் என்ற சகோதரர்களின் ஸ்டுடியோ 1933 ஜூலையில் முதல் பாப்பாய் கார்ட்டூன் படத்தை வெளியிட்டது. ஏழு நிமிஷப் படத்தில் நாயகன் அடி வாங்க வேண்டும், தோற்கப் போகிற மாதிரி இருக்க வேண்டும், உடனே எழுந்து ஜெயிக்கவும் வேண்டும். அதற்கு ஒரு டப்பா கீரை எவ்வளவு வசதி! பேப்பர் தொடரில் ஒரே ஒரு கதைக்கு வில்லனாக வந்த புளூட்டோவை நிரந்தர எதிரியாக்கியதும் அந்த ஸ்டுடியோதான்.

1935 முதல் பாப்பாய்க்குக் குரல் கொடுத்த ஜாக் மெர்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஸ்டுடியோவில் படத்தை வரைந்து முடித்த பிறகுதான் குரலைப் பதிவு செய்வார்கள். அதனால் வாய் அசையாத இடங்களில் மெர்சர் தன் இஷ்டத்துக்கு எதையாவது முணுமுணுப்பார். பாப்பாய் தனக்குத்தானே பேசிக்கொண்டே நடப்பானே, அது இப்படி வந்தது. இப்போது பார்த்தாலும், படங்களின் பெரிய சுகமே அந்த முணுமுணுப்புதான் என்பேன்.

கீரை வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? டெக்சாஸ் மாநிலத்தில் பாலக்கீரை விளைகிற கிரிஸ்டல் சிட்டி என்ற ஊரில் 1937-ல் பாப்பாய்க்குச் சிலை வைத்துவிட்டார்கள். படைத்தவர் உயிரோடிருக்கும்போதே படக்கதை நாயகனுக்குச் சிலை!

இங்கே கீரையைப் பற்றியும் பேசிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு விஞ்ஞானி தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால் கீரையில் பத்து மடங்கு இரும்புச்சத்து இருப்பதாக உலகமே நம்பியது, அதனால்தான் பாப்பாய் கீரை தின்றான் என்று. நீங்களும் படித்திருப்பீர்கள், யாருக்காவது அனுப்பியும் இருப்பீர்கள். 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு மருத்துவர் எழுதிய கட்டுரையால் பரவிய கதை அது. 2010-ல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் பழைய காகிதங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு ஆதாரமே இல்லை என்றார். சீகர் 1932-ல் வரைந்த ஒரு படக்கதையில் பாப்பாயே காரணம் சொல்கிறான். அவன் சொல்வது இரும்புச்சத்தை அல்ல, வைட்டமின் ஏ-யை.

அதில் சீகர் சொன்னது சரிதான். பாலக்கீரையானாலும் முருங்கைக்கீரையானாலும் கண்ணுக்கு நல்லது. இரும்புச்சத்தும் உண்டு, ஆனால் 100 கிராம் பாலக்கீரையில் 3 மில்லிகிராமுக்கும் குறைவு. அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி என்று ஏதாவது சேர்ந்தால் கூடுதலாகக் கிடைக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ரத்தசோகை இருக்கிற பெண்பிள்ளை வீட்டிலிருந்தால் கீரையை மட்டும் நம்பாமல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

இனி, எனக்கு வருத்தம் தருகிற பகுதிக்கு வருகிறேன்.

1935-ல் பாப்பாய் அமெரிக்க வானொலிக்குப் போனான். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது வீட்டினா என்ற கோதுமை உணவு கம்பெனி. என்ன நடந்திருக்கும் சொல்லுங்கள்? வானொலியில் பாப்பாய் கீரை தின்னவில்லை. எதிரியை அடிக்குமுன் வீட்டினா தின்றான்! பலம் எங்கிருந்து வருகிறது என்பதையே, காசு கொடுத்தவர் மாற்றிவிட்டார்.

கோதுமையாவது நல்ல உணவு. பிற்காலத்தில் கனடாவில் பாப்பாய் முகம் போட்ட பெட்டியில் சிகரெட் வடிவ மிட்டாய் விற்றார்கள். விரலிடுக்கில் வைத்து உதட்டில் பொருத்திக்கொள்கிற மாதிரி வெள்ளைக் குச்சிகள். எதிர்ப்பு வந்த பிறகு சிகரெட் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு மிட்டாய்க் குச்சி என்று மாற்றினார்கள். கீரை தின்னச் சொன்ன அதே முகம்தான்!

இரண்டாம் உலகப்போர் வந்தது. பாப்பாய்க்குக் கடற்படைச் சீருடை மாட்டி, ஜப்பானியர்களை அவமானப்படுத்துகிற படங்கள் எடுத்தார்கள். பல்லும் கண்ணாடியுமாக ஓர் இனத்தையே கோமாளியாக்கிய அந்தப் படங்களைப் பிற்பாடு டிவியில் காட்டாமல் ஒதுக்கிவிட்டார்கள்.

சிகரெட் மிட்டாயையும் போர்ப்படங்களையும் சீகர் பார்க்கவில்லை. நீண்ட நாள் நோயில் படுத்து, 1938 அக்டோபரில், 43-வது வயதில் காலமாகிவிட்டார். பாப்பாயை அவர் வரைந்தது பத்து வருஷம்கூட இல்லை. தொடர் கைமாறிக் கைமாறி ஓடியது. சீகரிடம் சின்னப் பையனாக உதவிக்குச் சேர்ந்த பட் சாகென்டார்ஃப், 1950-களின் கடைசியில் அதைத் தன் கையில் எடுத்துப் பல காலம் வரைந்தார். 1980-ல் ராபின் வில்லியம்ஸ் பாப்பாயாக நடித்த சினிமா வந்தது. அதற்காக மால்டாவில் போட்ட மரவீட்டு செட் இன்றைக்கும் சுற்றுலாத் தலம். 1981-ல் நின்டென்டோ கம்பெனி பாப்பாயை வைத்து ஒரு வீடியோ கேம் செய்ய நினைத்தது. அனுமதி கிடைக்காததால் வேறு பாத்திரங்களை உருவாக்கியது. அப்படி வந்தவர்தான் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மாரியோ.

ஆக, குழந்தைக்குப் பிடித்த ஒரு முகம் என்ன தின்னச் சொல்லும் என்பதைப் பெரும்பாலும் காசு போடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். பாப்பாய் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம், கைக்கு வந்தது கீரை. இன்றைக்குக் கடையில் போய்ப் பாருங்கள். நாலு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருக்கிற அலமாரித் தட்டில் சிரிக்கிற கார்ட்டூன் முகங்கள் எந்தப் பாக்கெட்டில் இருக்கின்றன? வெண்டைக்காயிலா, வேர்க்கடலையிலா?

சிலி நாட்டு அரசு இதற்கு ஒரு முடிவு கட்டியது. 2016 முதல் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அளவுக்கு மீறி இருக்கிற பாக்கெட்டுகளில் கார்ட்டூன் பாத்திரங்களைப் போடக் கூடாது என்று சட்டம். காலை உணவுப் பெட்டிகளிலிருந்த புலியும் முயலும் அங்கே காணாமல் போயின. நம் நாட்டில் 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, இத்தகைய தின்பண்டங்களைப் பள்ளிக்கூடத்திலோ பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் 50 மீட்டருக்குள் என்னென்ன தொங்குகிறது என்று நான் சொல்ல வேண்டுமா?

தாய்லாந்திலிருந்து ஒரு நல்ல செய்தியும் உண்டு. மஹிடோல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகள் 26 பேருக்குச் சில வாரங்கள் பாப்பாய் கார்ட்டூன் போட்டுக் காட்டினார்கள். அதோடு விடவில்லை. அந்தக் குழந்தைகளையே விதை போட வைத்தார்கள், காய்கறி சூப் சமைக்க வைத்தார்கள், கூட்டமாக உட்கார்ந்து ருசி பார்க்க வைத்தார்கள். பெற்றோர்களையும் வீட்டில் காய்கறி சாப்பிட்டுக் காட்டச் சொன்னார்கள். முடிவில் பிள்ளைகள் சாப்பிட்ட காய்கறி வகைகள் கூடியிருந்தன. கார்ட்டூன் ஆசையைக் கிளப்பியது. அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் செய்தது மண்ணும் அடுப்பும் அப்பா அம்மாவும்தான். தட்டில் கீரையைத் தள்ளிவிட்டு நாம் மட்டும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் எந்த மாலுமி வந்தும் பலனில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தக் கார்ட்டூன் முகத்தைப் பார்த்து எதை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டது? பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குச் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள்? பள்ளி வாசல் கடையில் என்ன விற்கிறார்கள்? நாலு வரி எழுதி அனுப்புங்கள். வருகிற கடிதங்களைத் தொகுத்து வெளியிடுகிறோம், அவற்றை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் அனுப்பி வைக்கிறோம். எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்